பிக்கப்பில் ஓட்டை போட்டு ஆறு வருடம்

ஹூஸ்டனுக்கு வடமேற்கே வாலர் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கிறது. கொஞ்சம் ஆடுகள், ஒரு சின்ன டிராக்டர், அதன் பின்னால் மாட்டும் புல்வெட்டி. இதையெல்லாம் ஏற்றிப்போக முதலில் பம்பருக்குக் கீழே மாட்டும் சாதாரண டிரெய்லர்தான் வைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரி ஏதாவது பக்கத்தில் கடந்தால் போதும், டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கிவிடும். 2019இல் கூஸ்நெக்குக்கு மாறினேன்; வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த முன்பகுதி பிக்கப்பின் பின்தொட்டிக்குள்ளேயே வந்து மாட்டும் டிரெய்லர் அது. எடை பின் அச்சின் தலைமேலேயே உட்காருவதால் அந்த ஆட்டம் போய்விட்டது. அதில் எனக்குக் குறையே இல்லை. அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் எதை வாங்குவது என்பதில்தான் தலை சுற்றியது.

என் வண்டி 2017 ஃபோர்டு எஃப்-250 பிக்கப், பெட் என்கிற பின்தொட்டி ஆறே முக்கால் அடி. கூஸ்நெக் வசதியைத் தொழிற்சாலையிலேயே போட்டு வரும் வண்டியென்றால் டிரெய்லர் வந்து உட்காரும் இரும்புக் குண்டை மட்டும் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. என் வண்டியில் அது இல்லை. (கடையில் எல்லாரும் ‘பால்’ என்பார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, பால் வாங்க எதற்கு இரும்புக் கடைக்குப் போகிறாய் என்று கேட்டார். அதனால் குண்டு என்றே எழுதுகிறேன்.) பெட்டுக்கு மேலே தகடு வைத்து முடுக்கும் வகை மலிவு, ஆனால் எப்போதும் துருத்திக்கொண்டே இருக்கும், தீவன மூட்டையை இழுத்தால் அதில்தான் மாட்டும். கடைசியில் பெட்டுக்குக் கீழே சட்டத்தோடு முடுக்கி, 4 அங்குல ஓட்டை வழியாகக் குண்டைச் செருகும் வகையை எடுத்தேன். வேண்டாதபோது குண்டைத் தலைகீழாகத் திருப்பி அதே குழியில் வைத்துவிடலாம், பெட் தட்டையாகிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே இன்றும் இதைத்தான் வாங்குவேன்.

ஹிட்ச் வந்த அட்டைப்பெட்டியின் மேல் 30,000 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானும் அதில் மயங்கியவன்தான். ஆனால் அது ஏட்டுச் சுரைக்காய். பம்பர் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் போடும் என்றால், கூஸ்நெக் 20, சமயத்தில் 25 சதவீதம்கூடப் போடும். டிராக்டரும் புல்வெட்டியும் ஏற்றினால் என் டிரெய்லர் 10,500 பவுண்டு வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு 2,100. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் ஸ்டிக்கரில் என் வண்டி தாங்கக்கூடியது 2,480 என்றிருக்கிறது. மீதி 380 பவுண்டுக்குள் நான், பையன், கருவிப்பெட்டி, அந்த ஹிட்சின் சொந்த எடை எல்லாம் அடங்க வேண்டும். 30,000க்குப் பாதிகூட என் வண்டி இழுக்கப்போவதில்லை. ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தால் ஒரு வாரக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

அளவை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கூஸ்நெக் டிரெய்லருக்கு 2 5/16 அங்குலக் குண்டு. கனரக வகைகளில் 3 அங்குலமும் உண்டு.

பொருத்தித் தந்த கடைக்காரர் குண்டின் பூட்டை விடுவிக்க இழுக்கும், பின்சக்கரக் குடைவில் வரும் கைப்பிடியைச் சேறு அடிக்கிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டார். மழைக்குப் பிறகு அதை இழுக்க இரண்டு கை வேண்டும். குண்டு இறுகிப்போனதற்கு மட்டும் நானே பொறுப்பு. மூன்றாவது வருடம், கிரீஸ் தடவாமல் எட்டு மாதம் விட்டிருந்தேன். வைக்கோல் தூசியும் மழைத் தண்ணீரும் குழிக்குள் சேர்ந்து சாந்து மாதிரி பிடித்துக்கொண்டது. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, மரக்கட்டை வைத்துக் கீழிருந்து தட்டி, ஒன்றரை மணி நேரம். இப்போது மாதம் ஒரு முறை எடுத்துத் துடைத்துவிடுகிறேன்.

பெட் குட்டையாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் டிரெய்லரைச் செங்கோணத்தில் மடக்கிப் பின்னால் எடுத்தபோது, அதன் முன்மூலைக்கும் கேபின் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல்தான் இருந்தது. இறங்கிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

மாட்டியதும் கொக்கி விழுந்த சத்தத்தை நம்பிக் கிளம்புவதில்லை. ஜாக்கைச் சுற்றி டிரெய்லரைக் கொஞ்சம் தூக்குவேன். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சங்கிலி, மின்பிளக், அறுந்தால் பிரேக் போடும் கேபிள். கழற்றும்போது இவ்வளவு கவனம் இல்லை. ஒரு நாள் இருட்டில் பின்கதவை இறக்க மறந்து வண்டியை முன்னால் எடுத்தேன். டிரெய்லரின் கழுத்து அலுமினியக் கதவை உள்ளிருந்து வெளியே வளைத்துவிட்டது. அந்த வளைவு இன்னும் இருக்கிறது.

அடுத்த வண்டியைத் தொழிற்சாலை வசதியோடுதான் வாங்குவேன். இதை விற்கும்போது ஓட்டையைப் பார்த்து விலையைக் குறைப்பார்களே என்கிறாள் மனைவி. இந்தப் பக்கத்தில் ஓட்டை இல்லாத, என் வண்டி மாதிரியான முக்கால் டன் வகைப் பிக்கப்பைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பின்கதவுக்கு வேண்டுமானால் குறைப்பார்கள்.