லாச்சிக்குள் கிடக்கும் நோவுக் குளிசைகள்: எது எங்கே கடிக்கும்?

வெள்ளவத்தையில் எந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனாலும் மருந்துக்கென்று ஒரு லாச்சி இருக்கும். பாமசியில் வாங்கிய புருபன் அட்டை, குடும்ப வைத்தியர் சின்ன உறையில் போட்டுத் தந்த பெயர் தெரியாத குளிசைகள், லண்டன் சித்தி விட்டுவிட்டுப் போன நியூரோபன், கனடா மாமா கொண்டுவந்த அட்வில் போத்தலும் அலீவ் போத்தலும், அடியில் பனடோல். வெளிநாட்டுப் போத்தலுக்கு எப்போதும் மரியாதை கொஞ்சம் கூட. ஆனால் அட்வில், நியூரோபன், புருபன் மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே ஐபுபுரோபன்தான். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அது போட்டிருக்கும். "புருபன் கேட்கேல்லை, அட்வில் ஒண்டு போட்டுப் பாப்பம்" என்று சொல்கிறவர் மருந்தை மாற்றவில்லை, அளவைத்தான் கூட்டுகிறார்.

சரி, அடியில் கிடக்கும் பனடோலை விட்டுவிட்டால், இவற்றில் எது நல்லது? நோவைக் குறைப்பதில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. உரிய அளவில் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே ஓரளவு கேட்கும். வித்தியாசம் பக்கவிளைவில்தான் இருக்கிறது. ஒன்று வயிற்றில் கைவைக்கும், ஒன்று இதயத்தில், எல்லாமே சிறுநீரகத்தில். ஆகவே குளிசைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதாது. விழுங்கப்போகிறவரின் வயது, பிரஷர், வயிறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஏன் இப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் புரோஸ்டகிளாண்டின் என்ற இரசாயனங்கள் உருவாகின்றன. வீக்கம், நோவு, காய்ச்சல் எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அஸ்பிரின் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டியவர் ஜோன் வேன். அதற்காக 1982இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். புருபன், டைக்ளோபெனாக், அலீவ் எல்லாம் அதே வழியில் வேலைசெய்யும் ஒரே குடும்பம். வில்லங்கம் என்னவென்றால், அதே புரோஸ்டகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் சீராக வைத்திருக்கிறது. இடுப்பில் நோவை நிறுத்தும் குளிசை வயிற்றில் காவலையும் நிறுத்திவிடுகிறது.

புருபனும் டைக்ளோபெனாக்கும்

கொழும்பில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். "அண்ணை, நாரி நோவுக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்டால் வைத்தியர் எழுதிய துண்டு எங்கே என்று கேட்காமல் இரண்டில் ஒன்றை வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. கூடவே "சாப்பிட்டிட்டுப் போடுங்கோ" என்று ஒரு வசனம். அதற்கு மேல் பேச்சு இல்லை.

நாள் முழுக்க கணினிக்கு முன்னால் இருந்துவிட்டு, மாலையில் காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் உடம்பு என்னுடையது. நாரி நோவுக்குப் பஞ்சமே இல்லை. ஐபுபுரோபன் 400 மில்லிகிராம் எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் தொடர்ந்து சில நாள் போட்டால் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் வந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் பிளேன்ரீ குடித்தால் இன்னும் மோசம். சப்பாத்து இறுக்குகிறதே என்று பார்த்தால் கணுக்கால் லேசாக வீங்கியிருக்கும். உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைப்பதால் வரும் வீக்கம் அது. நிறுத்தியதும் இறங்கிவிட்டது.

டைக்ளோபெனாக் போட்டால் எனக்கு இந்த எரிவு கிடையாது. நோவு சீக்கிரம் அடங்குவது போலவும் இருக்கும். என்னைப்போல் பலரும் "வயித்துக்கு ஒண்டும் செய்யாத குளிசை" என்று இதைத்தான் சொல்வார்கள். அங்கேதான் இந்த ஒப்பீடு தலைகீழாகிறது.

கடைகளில் கிடைக்கும் டைக்ளோபெனாக்கில் ஒரு வகைக்கு மேலே பூச்சு இருக்கும். இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்கான ஏற்பாடு. அதனால் குளிசை நேரடியாகப் பட்டு வரும் எரிவு குறையும். ஆனால் புண் உண்டாவதற்கு முக்கிய காரணம் குளிசை வயிற்றுச் சுவரில் உரசுவது அல்ல. மருந்து இரத்தத்தில் கலந்தபின் புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கிறது, காவல் போகிறது, புண் வருகிறது. பூச்சு போட்டாலும், ஊசியாக ஏற்றினாலும், பின்வழியாக வைத்தாலும் இந்தப் பாதை மாறாது. முழங்கால் தேய்வுக்கு டைக்ளோபெனாக்கைத் தினமும் போட்டுவந்த எங்கள் பெரியம்மாவுக்கு ஒருநாளும் நெஞ்செரிவு வந்ததில்லை. களைப்பு வந்தது, படியேறினால் மூச்சு வாங்கியது, வயதுதானே என்று விட்டார்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்ன பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையில் புண், உள்ளே இரத்தம் கசிந்து குருதிச்சோகை. வயதானவர்களுக்கு இந்தப் புண்கள் நோகாமலே வருவது வழக்கம்தான் என்று அங்கே வைத்தியர் விளக்கியிருக்கிறார். எனக்கு நெஞ்சு எரிகிறது என்பதால் நான் நிறுத்திவிடுகிறேன். எரியாதவருக்கு நிறுத்தக் காரணமே கிடைப்பதில்லை.

இதயப் பக்கம் வந்தால் டைக்ளோபெனாக்கின் நிலை இன்னும் இறங்குகிறது. 2013இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்பு, இதய நோய், பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவேண்டாம் என்று சொன்னது. 2015 தொடக்கத்தில் பிரித்தானியாவில் டைக்ளோபெனாக் குளிசையைத் துண்டு இல்லாமல் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். லண்டன் சித்தி நியூரோபன் கொண்டுவந்து தருவதும், இங்கிருந்து டைக்ளோபெனாக் அட்டை வாங்கிக்கொண்டு போவதும் இதனால்தான். இரண்டில் எதைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும் என்பதற்கு அந்தப் போக்குவரத்தே பதில் சொல்கிறது. (மாடுகளுக்குக் கொடுத்த இதே மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால் 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் மாட்டு வைத்தியத்தில் இதைத் தடைசெய்தன. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிடப் பலமானது என்பது உண்மைதான்.)

ஐபுபுரோபன் அப்பழுக்கற்றது என்று நான் சொல்லவரவில்லை. 1960களில் நொட்டிங்ஹாமில் அதை உருவாக்கிய ஸ்டூவர்ட் அடம்ஸ், குடித்த மறுநாள் தலையிடிக்குத் தானே அதைப் போட்டுப் பார்த்தவர். அந்த மாதிரி ஒருநாள், இரண்டுநாள் தேவைக்கு, நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டாமல் போட்டால், இந்தக் குடும்பத்தில் வயிற்றுக்குக் குறைந்த தொல்லை தருவது இதுதான். அளவு ஏற ஏற அந்தச் சலுகை போய்விடுகிறது.

மற்றவை

மெபனமிக் அசிட், அதாவது பொன்ஸ்டான் என்று எல்லாரும் சொல்வது, எங்கள் வீடுகளில் மாதவிலக்கு நோவுக்கென்றே ஒதுக்கிய குளிசை. அந்த நோவை உண்டாக்குவதே புரோஸ்டகிளாண்டின் என்பதால் நன்றாகக் கேட்கும். இதற்கென்றே பேர்போன தொல்லை வயிற்றோட்டம். அக்காவுக்கு மெபனமிக் அசிட் போட்ட நாளெல்லாம் கழிவறைக்கு நடைதான். மாதவிலக்கால் வருகிறது என்று நினைத்திருந்தவள், ஒருமுறை ஐபுபுரோபனுக்கு மாறியதும் ஓட்டம் இல்லாததைக் கண்டாள். நோவும் அதே அளவு குறைந்தது. பல்லுக்கும் தலையிடிக்கும் இதை நாள்கணக்கில் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நீட்டுவதற்கான குளிசை அல்ல இது.

அலீவ் போத்தலுக்குள் இருப்பது நப்ரொக்சன். இதன் சிறப்பும் சிக்கலும் ஒன்றுதான்: உடம்பில் நெடுநேரம் தங்கும். ஐபுபுரோபன் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், நப்ரொக்சன் பாதியாக 12 முதல் 17 மணித்தியாலம் எடுக்கும். நாளுக்கு இரண்டு தரம் போதும் என்பது வசதி. இதயத்தைப் பொறுத்தவரை மற்றவற்றைவிட இதில் அபாயம் குறைவாக இருக்கலாம் என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குப் பதிலாக வயிற்றில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். கனடா மாமா காலையில் இதைப் போட்டுவிட்டு, மத்தியானம் நோவு திரும்பியதும் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டார். இரவு வயிற்று நோவில் சுருண்டுவிட்டார். ஒன்றின் வேலை முடியாமல் அதே இனத்தில் இன்னொன்றைப் போட்டால் நோவு இரட்டிப்பாகக் குறையாது, பக்கவிளைவுதான் கூடும்.

செலிகொக்சிப் பற்றியும் கேட்பார்கள். வயிற்றைக் காக்கும் நொதியத்தை அவ்வளவாகத் தொடாமல், வீக்கத்துக்குக் காரணமானதைத் தடுக்கும்படி செய்த குளிசை. வயிற்றுப் புண் குறைவு. அதே வகுப்பைச் சேர்ந்த வயொக்ஸ் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2004இல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. செலிகொக்சிப் தப்பி நிற்கிறது. ஆனாலும் வைத்தியரைக் கேட்காமல் வாங்கிப்போடும் சாமான் அல்ல.

பூசும் ஜெல்லை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. சித்தாலேப தடவுவோம், டைக்ளோபெனாக் ஜெல் என்றால் "அது என்னத்தைக் கிழிக்கும்" என்பார்கள். குளிசையோடு ஒப்பிட்டால் ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குப் போவது நூற்றுக்கு ஆறு பங்கு அளவில்தான். முழங்கால், கைமூட்டு போன்ற தோலுக்குக் கிட்டவுள்ள இடங்களுக்கு நன்றாகவே கேட்கும். நாரி போன்ற ஆழமான இடத்துக்கு எனக்குப் பெரிதாக உதவவில்லை. பெரியம்மா இப்போது முழங்காலுக்கு ஜெல்லும் பனடோலுமாக நடக்கிறார். முன்போல் சுறுசுறுப்பாக இல்லை என்று குறைப்படுவார், ஆனால் படியேறுகிறார்.

பனடோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. பரசிட்டமோல் வீக்கத்தைக் குறைக்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் இவ்வளவு பாடுபடுத்தாது. சுளுக்குக்கும் மூட்டு வீக்கத்துக்கும் கொஞ்சம் மந்தம்தான், மறுக்கவில்லை. அதன் ஆபத்து ஈரலில். வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பது உச்சம். மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைய. தடிமனுக்கு வாங்கும் கலவைக் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கும் என்பதை மறந்து இரண்டையும் சேர்த்துப் போடுவோர் அநேகம்.

விழுங்குகிறவர் யார்?

கொழும்பில் ஐம்பது தாண்டிய ஆட்களின் குளிசைப் பெட்டியில் பெரும்பாலும் லொசாட்டன் இருக்கும். சிலருக்குக் கூடவே சிறுநீர் போகச்செய்யும் குளிசை. பிரஷருக்கான இந்த இரண்டோடும் புருபனோ டைக்ளோபெனாக்கோ சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்க நெருக்கடி. வயிற்றோட்டம், வாந்தி, நல்ல வெயில் என்று உடம்பில் நீர் வற்றிய நாளில் இது சட்டென்று செயலிழப்பில் கொண்டுபோய் விடலாம். பிரஷர் மருந்தின் வேலையையும் இவை குறைக்கும். ஒழுங்காகக் குளிசை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்கிறவரிடம் வேறென்ன போடுகிறீர்கள் என்று கேட்டால், முழங்கால் நோவுக்கு என்று ஒன்று வெளியில் வரும். சீனி வருத்தக்காரருக்கும், சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கும் இந்தக் குடும்பமே வேண்டாம் என்பேன், வைத்தியர் தெரிந்துகொண்டு எழுதினாலன்றி.

இதயத்துக்கென்று தினமும் சின்ன அஸ்பிரின் போடுகிறவருக்கு ஐபுபுரோபனில் வேறு ஒரு சிக்கல். இரத்தம் உறையாமல் பார்க்கும் அஸ்பிரினின் வேலையை அது குறுக்கே நின்று தடுத்துவிடும். எப்போதாவது ஒன்று போட்டே ஆகவேண்டுமென்றால், பூச்சில்லாத அஸ்பிரினைப் போட்டு அரை மணித்தியாலமாவது கழித்துத்தான் போடவேண்டும். தினமும் என்றால் வைத்தியரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் குளிசைகள் இழுப்பையே கிளப்பும். கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, தாமாகத் தொடவே கூடாது.

அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோலைச் சேர்த்துப் போட்டால் சரியா என்றால், இரைப்பைப் புண்ணுக்கு அது நல்ல காப்பு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஒன்றும் செய்யாது. சாப்பிட்டுவிட்டுப் போடுவதன் பலன் அதைவிடக் குறைவு: எரிவு குறையும், அவ்வளவுதான்.

வைத்தியர் தரும் உறையில் குளிசையின் பெயரை எழுதித் தரச்சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று மட்டும் எழுதிய வெள்ளைக் குளிசை டைக்ளோபெனாக்காக இருந்து, அதற்கு மேல் நீங்கள் புருபன் போட்டால், ஒரே இனத்தில் இரண்டு போடுகிறோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு ஒப்பீடும் காய்ச்சல் இல்லாத உடம்புக்குத்தான். காய்ச்சலோடு மேல்நோவு, கண்ணுக்குப் பின்னால் குத்து என்றால் கொழும்பில் முதலில் நினைக்கவேண்டியது டெங்கு. 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். டெங்கில் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறையும். மிச்சமிருப்பவற்றின் வேலையையும் கெடுத்து, வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும் குளிசையை அந்த நேரத்தில் போட்டால் இரத்தப்போக்குக்கு வழிவிடுகிறோம். புருபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஒன்றும் ஆகாது. பிள்ளைகளுக்குப் பின்வழியாக வைக்கும் டைக்ளோபெனாக்கும் அதே கணக்குத்தான். உரிய அளவில் பனடோல், நிறையக் குடிக்கும் பானம், மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று வைத்தியர் சொல்லும்வரை நோவு எவ்வளவு இருந்தாலும் மற்ற அட்டைகளைத் தொடவேண்டாம்.