ஹைபிரிட் ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா: தறி நின்ற ஞாயிறில் கேட்டது

சோமனூரில் எங்கள் பக்கம் தறி ஓயும் நாள் ஞாயிறுதான். அன்றைக்குத்தான் வீட்டில் பாட்டு ஒழுங்காகக் காதில் விழும். அப்படி ஒரு ஞாயிறு, புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கும் யோசனையோடு கோபியிலிருந்து மச்சான் வந்திருந்தார். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று முழுக்க டிரான்சிஸ்டர். இன்னொன்று ஹைபிரிட்: முன்கட்டத்தில் 12ஏயூ7 என்ற ஒரு வால்வு (டியூப் என்றும் சொல்லும் கண்ணாடிக் குழாய்), ஸ்பீக்கரைத் தள்ளும் கடைசிக் கட்டத்தில் மாஸ்ஃபெட் என்ற ஒருவகை டிரான்சிஸ்டர். இரண்டுமே கோயமுத்தூர் மெக்கானிக் ஒருவர் கோத்துக் கொடுத்தவை.

"டியூப் வச்சதுதானுங்க மாப்பிள்ளை நல்லா இருக்கும்?" என்றார்.

நானும் ஒரு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருந்தும் டிரான்சிஸ்டரில் 2 வோல்ட், ஹைபிரிடில் 2.2 வோல்ட். முக்கால் டெசிபலைத் தாண்டும், அவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் காது 'சத்தம் அதிகம்' என்று கண்டுபிடிக்காது. 'தெளிவு அதிகம்' என்று ஏமாறும். நான் ஏமாந்தது இங்கேதான்.

சரி, இரண்டையும் 2 வோல்ட்டில் நிறுத்தி, மச்சானைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றிப் போட்டேன்.

முதலில் ஜமாப் மேளம். அடியின் கனத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இருக்கவும் வேலையில்லை. முழு வால்வு ஆம்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பெரிய அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உண்டு. அந்த ஆம்பின் பேஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் தளர்வாக, உருண்டையாக வருவதில் அதற்கும் பங்குண்டு. ஹைபிரிடில் அது கிடையாது. ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்துவது மாஸ்ஃபெட். ஆக 'வால்வு பேஸ்' என்று சொல்லி ஹைபிரிடை விற்றால் நம்ப வேண்டாம்.

அடுத்து, தனிக்குரலில் ஒரு பழைய பாட்டு. இங்கே மச்சான் இரண்டு தடவை ஹைபிரிடைச் சரியாகப் பிடித்தார், ஒரு தடவை கோட்டைவிட்டார். வால்வு முன்கட்டம் தன் பங்குக்குச் சேர்க்கும் விலகல் (டிஸ்டார்ஷன்) பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக். அதாவது சட்ஜத்தோடு மேல் சட்ஜத்தையும் மெல்லச் சேர்த்துப் பாடுகிற மாதிரி. சுருதிக்கு உறுத்தாது, குரலில் சதை போட்டதுபோல இருக்கும். ஆனால் அது பதிவில் இல்லாத சதை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் காதுக்குத் தெரியும்படி இப்படி எதையும் சேர்ப்பதில்லை. அதைத்தான் 'வறட்சி' என்று சிலர் குறை சொல்கிறார்கள். மட்டமான டிரான்சிஸ்டர் ஆம்ப் வேறு கதை. ஒலியலை மேல்பாதியிலிருந்து கீழ்பாதிக்குக் கைமாறும் இடத்தில் தடுமாறும். சத்தத்தைக் குறைத்து வைக்கும்போதுதான் அந்தக் கரகரப்பு அதிகம் தெரியும்.

நாதஸ்வரத்தில் இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

வாரநாளில்தான் ஹைபிரிடின் சங்கடம் தெரியும். பக்கத்து ஷெட்டில் தறி ஓடினால் தரை அதிரும். அந்த அதிர்வில் வால்வுக்குள் இருக்கும் கம்பியும் தகடும் சேர்ந்து ஆட, ஸ்பீக்கரில் மெல்லிய 'ணிங்' கேட்கும். வால்வை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் அதே சத்தம். கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆம்புக்கு அடியில் வைத்தேன். டியூபுக்கு டியூபே வைத்தியம். பாதிக்கு மேல் அடங்கியது. போதாக்குறைக்கு வால்வு சூடேற அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தேய்ந்தால் மாற்றவும் வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பஞ்சுத் தூசியைத் துடைத்தால் போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மலிவு ஹைபிரிட் சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்திருப்பார்கள். வால்வைச் சூடாக்கும் உண்மையான ஹீட்டர் அவ்வளவு பிரகாசமாக எரியாது. வெளிச்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் மச்சான் தனக்கும் டிரான்சிஸ்டரே கோத்துத் தரச் சொல்லி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அப்புறம் விளக்கை அணைக்கச் சொல்லி, ஹைபிரிடை மட்டும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.