அறுபது வயதில் அமல்: மணிப்பூர் கலாக்ஷேத்ராவின் ‘டாக்கர்’ பதிவு

மணிப்பூரின் கலாக்ஷேத்ரா என்ற நாடகக் குழு மேடையேற்றிய ‘டாக்கர்’, இணையத்தில் கிடைத்த பதிவு இது. படம் மங்கல், கேமரா ரொம்பத் தள்ளி நிற்கிறது, துணைத்தலைப்பும் இல்லை. இருந்தாலும் கட்டாயம் பாருங்கள் என்றுதான் சொல்வேன். தாகூரின் இந்த நாடகத்தில் (‘டாக்கர்’ என்றால் தபால் நிலையம்) ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரரிடம் பேச்சுக் கொடுக்கும் நோயாளிச் சிறுவன் அமலாக நடிப்பவர் சாபித்ரி. 1946இல் பிறந்தவர், இது மேடையேறிய 2006இல் அவருக்கு வயது 60. இயக்கம் அவருடைய கணவர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால். கழுத்தை லேசாக நீட்டி எட்டிப் பார்க்கிறார், குரல் மெலிகிறது, அவ்வளவுதான், பையன் வந்துவிடுகிறான்.

1969இல் இம்பாலில் இந்தக் குழுவைத் தொடங்கியதிலிருந்தே வசனத்தைக் குறைத்து உடலையும் மூச்சையும் நம்பி வேலை செய்த தம்பதி இவர்கள். 2000இல் மகாஸ்வேதா தேவியின் சிறுகதையை வைத்துச் செய்த ‘திரௌபதி’ நாடகத்துக்காக மேடையில் ஆடை களைந்தபோது சாபித்ரி ஐம்பதைத் தாண்டிவிட்டார், ஊரில் கடுமையான விமர்சனம் எழுந்தது, அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ‘டாக்கர்’. வயதாக ஆக இன்னும் துணிந்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். கன்ஹைலால் 2016இல் காலமானார்.

மணிப்புரி தெரியாதவர்கள் தாகூரின் மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள். அப்புறம், ஹெட்போன் அவசியம், மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் பாதி நாடகம் போய்விடும்.