பெருவிரல் நோகாமல் கியூப் சுத்த: எதை மாற்றலாம், எதை விடலாம்?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகள் ரூபிக் கியூப் பழக வருவார்கள். அதில் ஒரு பத்து வயதுப் பொடியன் ஒருநாள் பெருவிரலின் அடியைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, சுத்தேக்க இந்த இடம் குத்துது."

"எத்தினை நாளா தம்பி?"

"நல்லூர்த் திருவிழாவில இதை வாங்கினதில இருந்து."

பேனை பிடித்தாலும் நோகிறதாம். வீட்டில் நோவெண்ணெய் பூசியிருக்கிறார்கள், மணிக்கட்டுக்குப் பட்டி வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கை பலம் பெறட்டும் என்று பிசைகிற பந்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கியூபை மட்டும் யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நான் வாங்கி மேல் அடுக்கைத் திருப்பினேன். கறகறவென்று சத்தம் போட்டு, பாதியில் நின்றுவிட்டது. என் கைக்கே அது பாரம்.

இந்த நோவு புதிதல்ல. ஹங்கேரியில் 1974இல் ஏர்னோ ரூபிக் செய்த கியூப் 1980இல் உலகச் சந்தைக்கு வந்தது. வந்த கையோடு, 'ரூபிக் மணிக்கட்டு', 'கியூபிஸ்ட் பெருவிரல்' என்று இந்த நோவுக்குப் பெயரும் வந்துவிட்டது. அன்றைய கியூப்கள் அவ்வளவு இறுக்கம். இன்றைக்கு நல்ல கியூப் வந்துவிட்டது. ஆனால் நம் கடைகளில் பிள்ளைகளின் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பழைய வகைதான்.

இறுக்கமான கியூபா, காந்தக் கியூபா?

இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். அளவு ஏறத்தாழ ஒன்றுதான், ஐந்தரை சென்ரிமீற்றர் சொச்சம். இடது கையால் கியூபைப் பிடித்துக்கொண்டு, வலது சுட்டுவிரலால் மேல் அடுக்கின் பின்மூலையை ஒரு தட்டுத் தட்டுங்கள். காந்தம் வைத்த கியூப் அந்த ஒரு தட்டில் கால் வட்டம் சுற்றி, தானாகவே நேராக வந்து நிற்கும். திருவிழாக் கியூப் விரலுக்கு அசையாது. முழு அடுக்கையும் கையால் பொத்திப் பிடித்து முறுக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. மேல் அடுக்கைக் கொஞ்சம் கோணலாக விட்டுவிட்டுப் பக்க அடுக்கைத் திருப்புங்கள். நல்லது வழுக்கிக்கொண்டு போகும். மற்றது பூட்டிக்கொள்ளும், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும். பெருவிரலில் நோவு ஏறுவது அந்த இழுப்பில்தான்.

விலையில் காந்தக் கியூப் பல மடங்கு. உடனே வாங்க வேண்டும் என்றில்லை. முதலில் இருப்பதைத் திருத்தலாம். நடுத்துண்டின் மூடியை நகத்தால் நெம்பினால் உள்ளே ஸ்குரூ தெரியும். ஆறு பக்கமும் ஒரே அளவாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் துண்டுகள் கழன்று விழும். மூடிக்குக் கீழே ஸ்குரூவுக்குப் பதிலாக ஆணி அடித்திருந்தால் அதைத் தளர்த்த வழியில்லை. அந்தக் கியூபைப் பிள்ளையிடம் பழகக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எண்ணெய் விடுவதென்றால் சிலிக்கோன் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெயைத்தான் எல்லா வீட்டிலும் விடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும், முன்னையைவிட இறுகும். துரு நீக்குகிற ஸ்பிரேயும் வேண்டாம், அது பிளாஸ்ரிக்கைப் பாதிக்கும். சித்திரை வெயிலில் கை வியர்த்து வழுக்குகிறதே என்று பவுடர் போட்டால் அதுவும் உள்ளே போய் அடைக்கும். கையைக் கழுவித் துடைப்பதே மேல்.

மணிக்கட்டா, விரலா?

முதல் உலகப் போட்டி 1982இல் புடாபெஸ்ட்டில் நடந்தது. வென்ற நேரம் 22.95 விநாடி. 2023இல் அமெரிக்க வீரர் மாக்ஸ் பார்க் 3.13 விநாடியில் முடித்தார். இந்த வித்தியாசம் மூளையால் மட்டும் வந்ததல்ல, கியூப் இலகுவானது, மணிக்கட்டால் செய்த வேலையை விரல் நுனி எடுத்துக்கொண்டது. வேகத்துக்காகப் பழகிய முறை கைக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. மேல் அடுக்கைச் சுட்டுவிரல் தட்ட, கீழ் அடுக்கை மோதிரவிரல் தள்ள, மணிக்கட்டு முழங்கையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்க வேண்டும். பக்க அடுக்குகளுக்கு மணிக்கட்டு கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், அது பரவாயில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கையை மடக்கி நெஞ்சுக்கு மேல் பிடித்துச் சுத்துவதுதான் மிகவும் மோசம். கதிரையில் இருந்து முழங்கையை மேசையில் ஊன்றினாலே தோள் இறுக்கம் குறைந்துவிடும்.

நோவு வந்த பிள்ளைகள் சிலர் மற்றக் கையால் மட்டும் சுத்தத் தொடங்குவார்கள். அது நோவை மற்றக் கைக்கு மாற்றுவது மட்டும்தான். பிடிப்பதும் திருப்புவதும் ஒரே கையின் வேலையாகி, கொஞ்ச நாளில் அதுவும் நோகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. தொடக்கப் பாடமான அடுக்கு முறையில் ஒரு கியூபை முடிக்க நூறு திருப்பங்களுக்கு மேல் போகலாம். வேகமாகச் சுத்துபவர்கள் பயன்படுத்துகிற சிஎஃப்ஓபி (CFOP) முறையில் பழகியவர்களுக்கு அறுபது சொச்சம் போதும். புதிய வாய்பாடு, அதாவது எந்த அடுக்கை எந்த வரிசையில் திருப்புவது என்பதைப் படிக்கிற ஒரு மாதம் கைக்கு ஓய்வு, அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் மிச்சம்.

ஏழடுக்குக் கியூப் ஆசை வருகிறவர்களுக்கு: அது பெரியது, பாரமானது, நிமிடக் கணக்கில் கையில் இருக்கும். பத்து வயதுக் கைக்கு மூன்றடுக்கே அளவு. இரும்பு வளையப் புதிர்களில் கதை வேறு, அங்கே பலம் தேவையே இல்லை. இழுக்க வேண்டி வந்தால் வழி பிழை என்று அர்த்தம், வைத்துவிட்டு யோசியுங்கள்.

பட்டியா, பந்தா, எண்ணெயா, ஓய்வா?

நோவு வந்துவிட்டால் என் தெரிவு ஓய்வுதான். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் குத்துகிற நோவு பெரும்பாலும் பெருவிரலை அசைக்கிற தசைநாண்களின் உறையில் வருவது. சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி கெர்வெயின் 1895இல் இதை விவரித்தார். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு வருவதும் இதுதான். மணிக்கட்டை மட்டும் சுற்றுகிற இழுபட்டி இதற்குப் போதாது, பெருவிரல் அப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டி வேண்டும். அதையும் போட்டுக்கொண்டு கியூப் சுத்தினால் போட்டும் பலனில்லை. பிசைகிற பந்து நோவுள்ள கையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும், நோவு போகும்வரை அதை எடுத்து வையுங்கள். நோவெண்ணெய் சூடு தரும், இதமாயிருக்கும். மெதுவாகப் பூசலாம், ஆனால் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

ஓய்வு என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கொடுத்தால் அதே பெருவிரல்தான் அங்கேயும் ஓடும். ரியூசன் கொப்பி எழுதுவதும் அதே கைதான். அதையும் கணக்கில் எடுங்கள். நோவில்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது இருபது நிமிடம் சுத்தினால் ஐந்து நிமிடம் வெறுங்கை. ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலம் சுத்துவதும், அதையே நாலைந்தாகப் பிரித்துச் சுத்துவதும் கைக்கு ஒன்றல்ல.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் எழுப்பினால், விரல் மடங்கிப் பூட்டிக்கொண்டால், வீக்கம் தெரிந்தால், இரண்டு கிழமை ஓய்வெடுத்தும் நோவு குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தப் பொடியனின் கியூபில் ஆணிதான் அடித்திருந்தது. அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று கிழமை எட்டிநின்று மற்றவர்கள் சுத்துவதைப் பார்த்தான், வாய்பாடு பாடமாக்கினான். பேனை பிடிக்க நோகவில்லை என்று சொன்ன ஞாயிறு, என்னுடைய பழைய காந்தக் கியூபைத் தளர்த்திக் கொடுத்தேன். முழங்கையை மேசையில் ஊன்றி, சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். அடுக்கு சுற்றி வந்து டிக் என்று நின்றது.

"அக்கா, இது தானா சுத்துது" என்றான்.