டர்போ எஞ்சினுக்கான ஆல்டர்னேட்டர் குளிர்விப்புக் கிட்: ஹோஸ் அருமை, தகடு அரைகுறை

டர்போ எஞ்சின் உள்ள காரில், எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மீண்டும் மீண்டும் பழுதாகிறது என்றால், புதியதொன்றை வாங்கி மாட்டுவதற்கு முன், அது எந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கென்றே விற்கப்படும் ஒரு குளிர்விப்புக் கிட்டை, எஞ்சினின் புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்திலேயே ஆல்டர்னேட்டர் அமைந்திருக்கும் என் காரில் பொருத்தி, கோடைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். டர்போவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையில் நிறுத்த ஓர் அலுமினியத் தகடு, ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் பொருத்த ஒரு மூடி, பம்பரின் முகப்பிலிருந்து அந்த மூடிக்குக் காற்றைக் கொண்டுவரும் சிலிக்கோன் ஹோஸ், ஒட்டுவதற்கு ஒரு சுருள் வெப்பப் பிரதிபலிப்பு டேப் ஆகியவை இதில் வருகின்றன.

ஆல்டர்னேட்டருக்கு வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுக்கும்போது அது வெளியே தரும் திறன் 1,400 வாட். அதன் செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 900 வாட்டுக்கும் மேல் அதன் உடலுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. இந்த வெப்பத்தை அகற்ற, தண்டோடு சேர்ந்து சுழலும் விசிறி இழுக்கும் காற்றைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் டயோடுகளும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் பின்புறத்திலேயே இருப்பதால், அந்தப் பக்கம் நுழையும் காற்று முதலில் அவற்றைத்தான் தொடுகிறது. டர்போ எஞ்சினிலோ, 900 டிகிரி செல்சியஸ் வரையும் அதற்கு மேலும் வெப்பமடையும் எக்ஸாஸ்ட் வாயு பாயும், டர்போவின் டர்பைன் கூட்டை உரசி வந்த காற்றே அங்கு நுழைகிறது. செப்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், ஆல்டர்னேட்டருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் செப்புச் சுருள் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை ஏறக்குறைய 40 சதவீதம் உயர்ந்து, காந்தப்புலமும் மின் உற்பத்தியும் சரிகின்றன. பல ரெகுலேட்டர்கள் சூடு ஏற ஏறத் தாமாகவே வோல்ட்டேஜையும் சற்றுக் குறைக்கின்றன.

ஆகவே இந்தக் கிட்டின் உயிர் அந்த மூடியும் ஹோஸும்தான்; அவற்றைத் தயாரித்தவர் விஷயம் தெரிந்தவர். ஹோஸின் உள்விட்டம் தாராளமாக இருக்கிறது. குறுகலான ஹோஸைப் போட்டால் விசிறிக்குக் காற்று போதாமல், ஹோஸே இல்லாதபோது இருந்ததைவிட நிலைமை மோசமாகும். உள்ளே கம்பிச் சுருள் இருப்பதால் வளைவுகளில் அது நசுங்குவதில்லை. மூடி விளிம்பிலுள்ள ரப்பர் நன்றாகப் படிந்து உட்காருவதால், கார் நின்றபடி ஐட்லிங்கில் ஓடும்போதும் விசிறி வெளிக்காற்றையே இழுக்கிறது. ஹோஸின் வாயை ரேடியேட்டருக்கோ, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கோ பின்னால் வைக்கக் கூடாது. அங்கு வரும் காற்று ஏற்கெனவே சூடேறியது. வாயை முகப்பில் வைத்தால் மழைநீர் தெறிக்கும் என்பதால், ஹோஸ் தாழ்ந்து தொங்கும் இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை அவசியம். செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் பிரஷ்களுக்கும் ஸ்லிப் ரிங்குகளுக்கும் தண்ணீர் நல்லதல்ல.

இது புதிய யோசனையும் அல்ல. போர்ஷே 944 காரில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்துக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. பிஎம்டபிள்யூ இன்னும் ஒரு படி மேலே போய், 1990களின் இறுதியில் தன் வி8 எஞ்சின் கார்கள் சிலவற்றில் கூலன்ட் சுற்றிவரும் ஆல்டர்னேட்டரையே வைத்தது.

தகட்டைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. கதிர்வீச்சு வெப்பம், பரப்பின் தனி வெப்பநிலையின் (கெல்வினில் அளப்பது) நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், பழுத்துச் சிவந்த டர்பைன் கூட்டுக்கு எதிரே பளபளப்பான தகடு ஒன்றை இடைவெளி விட்டு நிறுத்துவது சரியான வழியே. ஆனால் இந்தக் கிட்டில் தகட்டின் பிராக்கெட், ஆல்டர்னேட்டரின் உடலிலேயே நேரடியாக போல்ட் செய்யப்படுகிறது. தகடு வாங்கிய வெப்பம் அந்த பிராக்கெட் வழியாகவே இறங்கிவிடுகிறது. அதைவிட மோசம், தகட்டின் கீழ்விளிம்பு ஆல்டர்னேட்டரின் பக்கவாட்டில் சூடான காற்று வெளியேறும் துளைகள் சிலவற்றை மறைப்பதுதான். விளிம்பை வெட்டிவிட்டு, பிராக்கெட்டை எஞ்சின் பிளாக்கிலிருந்த காலி போல்ட் துளைக்கு மாற்றிய பிறகே தகடு தன் வேலையைச் செய்தது. இரண்டு அடுக்காக, நடுவே காற்று இடைவெளியோடு இதைச் செய்திருக்க வேண்டும். அந்தப் பிரதிபலிப்பு டேப்பை ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டவே கூடாது. தன் உடல்வழியாகவும் வெப்பத்தை விட வேண்டிய பொருளைப் போர்த்துவதில் பயனில்லை. போர்வை போட வேண்டியது டர்போவுக்கு.

பலன் தெளிவாகத் தெரிகிறது. முகப்பு விளக்கும் ஏசியும் போட்டு நெரிசலில் ஊர்ந்துபோகும்போது, பேட்டரி முனைகளில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய அளவு, இப்போது அதே சுமையில் 13.5-க்குக் குறைவதில்லை. சூட்டைத் தாங்களே அளக்க விரும்புவோர் இன்ஃப்ராரெட் வெப்பமானியை நம்ப வேண்டாம். பளபளப்பான அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். டயோடுத் தட்டின் மேல் தெர்மோகப்பிள் (தொட்டு வெப்பநிலையை அளக்கும் கம்பி) வைத்துப் பார்ப்பதே சரி. எஞ்சினை அணைத்த பிறகு மட்டும் ஹோஸால் எந்தப் பயனும் இல்லை. விசிறி நின்றுவிட்டால் பானெட்டுக்குள் தேங்கும் சூட்டைத் தகடுதான் மறிக்க வேண்டும். வேகமாக ஓட்டி வந்தால் சற்று நேரம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது ஆல்டர்னேட்டருக்கும் நல்லது, டர்போவுக்கும் நல்லது.

வழுக்கும் பெல்ட், துருவேறிய கேபிள் முனை, சார்ஜ் ஏறாத பழைய பேட்டரி ஆகியவற்றை முதலில் சரிபார்த்துவிட வேண்டும். இவற்றால் வரும் பழுதுக்கு இந்தக் கிட் மருந்தல்ல. எக்ஸாஸ்ட் ஒரு பக்கமும் ஆல்டர்னேட்டர் மறுபக்கமும் உள்ள எஞ்சின்களுக்கு இது பெரும்பாலும் வீண்செலவு. இரண்டும் ஒரே பக்கம் நெருங்கி நிற்கும் கார் உடையவர்கள், மூடியும் ஹோஸும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்கி, தகட்டைத் தங்கள் எஞ்சினுக்கு ஏற்ற அளவில் ஒரு பட்டறையில் செய்துகொள்ளலாம்.