அட்டைப்பெட்டியில் மட்டும் 20 கிலோ

வெளியில் போடும் சாப்பாட்டு மேசைக்குப் பெரிய குடை வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு டேப்பும் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு 7,200 ரூபாய் போச்சு.

வீடு மன்னார்குடிப் பக்கம். கொல்லை மாமரத்தை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டது. அதன் நிழலில்தான் அப்பா மதியம் சாப்பிடுவார். மரம் போன பிறகும் மேசையை அங்கிருந்து எடுக்க விடவில்லை. சரி, குடை வைத்துக் கொடுப்போம் என்று தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன்.

“9 அடி சார், அலுமினியம், ஸ்டாண்டு 20 கிலோ” என்றார் கடைக்காரர். மூன்றிலும் பாதி உண்மை. துணியின் வளைவோடு டேப் ஓட்டினால் 9 அடி. முனைக்கு முனை நேராக அளந்தால் 8தான். 4 அடி வட்ட மேசை, அதைச் சுற்றி நாற்காலி; அப்பா முதுகு வெயிலில். நடுக்கம்பம் அலுமினியம், ஆனால் விரியும் கம்பிகள் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்பு. முதல் மழைக்கே தையல் ஓரமாகக் காபி கொட்டினாற்போல் துருக்கறை. காந்தம் வைத்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்டாண்டுதான் பெரிய கதை. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் தொட்டி. ஒரு கையால் தூக்கலாம். 20 கிலோ என்பது மணல் நிரப்பினால் வரும் எடை என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. “தண்ணி ஊத்துனா போதும் சார்” என்றார் அவர். பிடித்தது 12 லிட்டர், அதாவது 12 கிலோ. மணல் ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பது அப்போது உறைக்கவில்லை. (பாமணி ஆற்றங்கரையில் இருந்துகொண்டு மணலைக் காசு கொடுத்து வாங்கணுமா என்ற எண்ணமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.)

ஆடி பிறந்தது. பின்னால் குறுவை வயல், காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. காற்று வெளியேற உச்சியில் துணி இரண்டு அடுக்காக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். இதில் அழகுக்கு ஒரு மடிப்பு தைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்பா கை கழுவ எழுந்த நேரம். குடை மேசையையும் சேர்த்துச் சாய்த்தது. ரசக் கிண்ணம் வரப்பில் கிடந்தது. கம்பிகளில் மூன்று வளைந்துவிட்டன.

கடைக்குப் போன் செய்தால், “காத்துக்கெல்லாம் கேரண்டி இல்ல சார், மடக்கி வச்சிருக்கணும்.” காற்றில் மடக்கணும் என்பது நியாயம்தான். அதை விற்கும்போது சொல்லியிருக்கலாம். பில்லில் அளவோ எடையோ ஒன்றும் இல்லை, ‘குடை 1’ என்று மட்டும். அதனால் மேற்கொண்டு பேச வாயில்லை.

கொத்தனாரை வைத்து ஒன்றரை அடிச் சதுரத்தில், 4 அங்குல கனத்தில், நடுவில் குழாய் செருகிக் கான்கிரீட் போட்டுவிட்டேன். ஐம்பது கிலோ வரும். குடை இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு அந்தக் குழாயில் ஒரு மூங்கிலைச் செருகி, அம்மா துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்.