கான்வென்ட்டை விட்டு ஊராட்சிப் பள்ளி: ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் மதிப்பீடு

கோவை மாவட்டம் சோமனூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் பிள்ளைகள் இருவரும் ஊருக்குள் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. ஞாயிறு பூசை முடிந்து கருமத்தம்பட்டி கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது "பிள்ளைங்க எந்த கான்வென்ட்டுங்க?" என்று கேட்பார்கள். பதிலைச் சொன்னதும் அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "அப்போ செபம், ஞானப்பாடம் எல்லாம்?" அந்தக் கேள்வி நியாயமானது. எனக்கும் அது இருந்தது. இதே யோசனையில் இருக்கும் வீடுகளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கன்னியர்கள் நடத்திய அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். என் கையெழுத்து, பாட்டு, நேரத்துக்கு எழும் பழக்கம் எல்லாம் சிஸ்டர்கள் கொடுத்தது. அதனால் கான்வென்ட் மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் இன்று எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை சுயநிதிப் பள்ளிகள். கட்டணம், வேன், புத்தகம், சீருடை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். நாங்கள் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய மாதங்களில் வீட்டுச் செலவே இழுபறி. 2021இல் மகளைச் சேர்க்க வேண்டிய நேரத்தில் கொரோனா ஓய்ந்தபாடில்லை. அந்த வருசம் நவம்பர் 1ஆம் தேதி பள்ளிகள் திறந்தபோது அவள் ஊர்ப் பள்ளியின் முதல் வகுப்பில் உட்கார்ந்தாள்.

என் மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. "அம்மிணி, நாலு காசு மிச்சம் புடிக்கோணும்னு பிள்ளைங்கள ஆகாத எடத்துல உட்டுப்போடாதே" என்றார். நான் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 798ஆம் விதியை எடுத்துக் காட்டினார். கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், அது முடியாதபோது அந்தக் கல்வி பள்ளிக்கு வெளியே கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவை) சொல்லியிருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அதிலேயே தெளிவு வந்துவிட்டது. விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. அதைக் கட்டணம் கட்டி வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் டிவி முன்னால் உட்கார முடியாது. பள்ளியிடம் கேட்க வேண்டியது எழுத்தும் கணக்கும், பிள்ளையை மரியாதையாக நடத்துவதும்தான். என் மதிப்பீடு அதை வைத்துத்தான்.

முதலில் வாசிப்பு. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவியது. கொரோனாவில் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்க முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அப்புறம் ஐந்தாம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். எழுத்து தெரியாத பிள்ளை 'அரும்பு', கொஞ்சம் தெரிந்தது 'மொட்டு', வகுப்புக்கேற்ற அளவுக்கு வந்தது 'மலர்' என்று பிரித்து, அட்டை, பாட்டு, கதை என்று நடத்துகிறார்கள். மகன் வகுப்பில் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். வரும்போது தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இப்போது என் மகன் திக்கும் இடத்தில் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். அந்த ஆசிரியை அவளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டியதை நான் சன்னல் வழியே பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளியாக இருந்தாலும் இப்படி ஓர் ஆசிரியை கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. எங்கள் பள்ளியில் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் சமைக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி, சாம்பாரோடு. நைட் ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு விடியலில் படுக்கும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கே இருப்பவர்கள்தான் அறிவார்கள். மதியம் தினமும் முட்டை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளிக்கிழமை முட்டை தின்னலாமா என்று மாமியார் கேட்டார். ஒறுத்தலில் விலக்க வேண்டியது இறைச்சிதான், அதுவும் 14 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டாயமில்லை என்று மறைக்கல்வி (ஞானப்பாடம்) ஆசிரியர் சொன்ன பிறகுதான் அவருக்குச் சமாதானம்.

இனி எல்லோரும் கேட்கும் விஷயம். காலையில் நடப்பதன் பெயர் இறைவணக்கக் கூட்டம். நடப்பது தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி, நாட்டுப்பண். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் சரஸ்வதி பூஜை உண்டு. விடுமுறைக்கு முந்தின நாள் பலகை, நாற்காலி எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். முதல் வருசமே தலைமையாசிரியையிடம் போய் வெளிப்படையாகப் பேசினேன். "கும்பிட விருப்பமில்லைன்னா வேண்டாமுங்க. ஆனா பாப்பாவைத் தனியா வெளிய நிறுத்த மாட்டேனுங்க" என்றார். சொன்னபடியே நடந்தது. அவள் திருநீறு இட்டுக்கொள்வதில்லை, தோழிகளோடு உட்கார்ந்திருப்பாள், யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்டோபர் செபமாலை மாதமும் இந்தப் பூஜையை ஒட்டியே வருகிறது. அன்று ராத்திரி செபமாலை முடிந்ததும் "அவங்க ஏம்மா புஸ்தகத்தைக் கும்பிடறாங்க, நாம ஏன் கும்பிடறதில்லை?" என்று மகள் கேட்டாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பள்ளியில் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது. பதில் சொல்ல நாங்களும் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டிசம்பரில் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் குடில் பார்க்க வருவார்கள். மாட்டுக் கொட்டகையில் குழந்தை ஏன் பிறந்தது என்று மகள்தான் அவர்களுக்குச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி தவறுவதில்லை. அடுத்து மகள் புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்காருகின்றன. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படிச் சமாளிப்பார்கள்? போதாததற்கு ஆசிரியர்களின் நேரத்தைக் கைப்பேசிப் பதிவு வேலைகள் தின்கின்றன. ஆங்கிலம் வாசிக்கிறார்கள், பேச வரவில்லை. கழிப்பறை சுத்தம் ஒருநாள் நன்றாக இருக்கும், மறுவாரம் மூக்கைப் பிடிக்க வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லிச் சொல்லித்தான் தண்ணீர்க் குழாயாவது சரியானது. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்களும் அதில் சேர வேண்டும். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் இந்தக் கூட்டத்துக்கும் வரலாமே.

ஆறாம் வகுப்பில் கான்வென்ட்டுக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. சிஸ்டர்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளி அதில் சேராது. பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டுமே இருந்தது. பிறகுதான் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20% முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. இதற்காகவே சேர்க்கச் சொல்லவில்லை, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

சேர்ப்பதற்கு முன் வேலை நாளில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், கழிப்பறையை எட்டிப் பாருங்கள், தலைமையாசிரியரிடம் உங்கள் விசுவாசத்தைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள். எல்லா அரசுப் பள்ளியும் எங்கள் ஊர்ப் பள்ளி போல இருக்காது. எங்களுக்குக் கிடைத்த தலைமையாசிரியை இல்லாவிட்டால் என் முடிவே வேறாக இருந்திருக்கலாம்.

மகளை ஆறாம் வகுப்புக்கும் இங்கேயே தொடர வைக்கிறோம். ஆங்கிலத்துக்கு மட்டும் கோயிலில் நடக்கும் மாலை வகுப்புக்கு அனுப்புகிறேன். காலியிடத்தை நிரப்பச் சொல்லிப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்ட மனு தயாராக இருக்கிறது. இந்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுக்கப் போகிறோம்.